வேடியப்பன் ஜெயித்த கேஸ்

"எடுத்துக்கோங்க. ஒண்ணு என்ன ஒண்ணு, ரெண்டா எடுத்துக்கோங்க."

தேரடி வீதியில் போகிறவர் வருகிறவரையெல்லாம் மறித்து லட்டு நீட்டிக்கொண்டிருந்தான் வேடியப்பன். வாடகை சைக்கிள் கடைக்காரன். அன்றைக்குக் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு நடுத்தெருவில் நின்றான்.

கிரிவலம் முடித்து வந்த வெளியூர்க்காரர் ஒருவர் லட்டை வாயில் போட்டுக்கொண்டே, பெண்ணுக்குக் கல்யாணமா என்று விசாரித்தார்.

"பொண்ணு விஷயம்தாங்க" என்றான் வேடியப்பன்.

அவருக்கு என்ன தெரியும், பாவம். சரசு செத்து நாலு வருஷம் ஆகிறது. காய்ச்சல் என்று சக்கரபாணி வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். டெஸ்ட் போட்டுப் பார்க்காமல் பென்சிலின் ஊசியைக் குத்திவிட்டார் அந்த மனுஷன். பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெஞ்சை விட்டு எழுந்திருப்பதற்குள் அம்மா மடியிலேயே துவண்டு போனது.

வைத்தியர்களைப் பதிவு செய்யவும் நீக்கவும் மெட்ராசில் ஒரு கவுன்சில் இருந்தது. அதற்குப் புகார் எழுதிப் போட்டான் வேடியப்பன். இனி எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கை ஊசி போடக் கூடாது. அவன் கேட்டது அவ்வளவுதான். நஷ்டஈடு வாங்கிக் கொடுக்கிறேன் என்று வந்தவர்களைக்கூட வந்த வழியே அனுப்பிவிட்டான். புகார் என்னவோ கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

வக்கீல் சாந்த் பாஷாதான் துருவி விசாரித்து வந்து சங்கதியைச் சொன்னார். வைத்தியர்களே ஓட்டுப் போட்டு அனுப்ப வேண்டிய உறுப்பினர்களை, அரசாங்கம் தனக்கு வேண்டியவர்களாகப் பார்த்து நியமித்து உட்கார வைத்திருக்கிறதாம். அதில் பாதிப் பேர் சக்கரபாணிக்குச் சிநேகிதர்கள். இவர்கள் எந்த உரிமையில் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஹைகோர்ட்டில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்றார் பாஷா.

வேடியப்பன் கேட்டான். பஞ்சர் ஒட்டுகிறவனுக்கு கவர்மெண்டோடு என்ன வம்பு என்று ஊரே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று மெட்ராஸ் பஸ்ஸில் ஏறிக்கொண்டே இருந்தான்.

கேஸ் போட்டதும் கவுன்சிலுக்கு உதறல் எடுத்துவிட்டது. தூங்கிக்கொண்டிருந்த புகாரைத் தேடி எடுத்து, அவசர அவசரமாக விசாரித்து, சக்கரபாணியின் பெயரைப் பதிவிலிருந்து அடித்தார்கள். கிளினிக்கில் பூட்டுத் தொங்கியது. சரசுவைப் பெற்ற சந்திரம்மாள் அன்றைக்குத்தான் தட்டில் போட்ட சோற்றை முழுசாகச் சாப்பிட்டாள்.

"அதான் அந்தாளை நீக்கிட்டாங்களே, வேடியப்பா. கேஸை வாபஸ் வாங்கிடலாமா?" என்று கேட்டார் பாஷா.

"வேணாம் சார். எம் பொண்ணு சாவைக் குப்பைத் தொட்டியில போட்டவங்க அவங்க. அவங்களையும் எறக்கணும்."

பாஷா ஏதோ சட்டம் சொல்ல வந்தார். இவன் காதில் போட்டுக்கொண்டால்தானே? பிடித்த பிடியில் நின்றான். அதற்குமேல் அவரும் வற்புறுத்தவில்லை.

லட்டு கொடுத்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து மளிகைக் கடைக்கு மெட்ராசிலிருந்து ட்ரங்க் கால் வந்தது. ஜெயித்தாயிற்று, நியமனம் அத்தனையும் முதல் நாளிலிருந்தே செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது, மற்றதை நேரில் வந்து சொல்கிறேன் என்றார் பாஷா. குரல் சுரத்தே இல்லாமல் இருந்தது. மெட்ராஸ் லைன் என்றைக்கு ஒழுங்காக இருந்தது என்று எண்ணிக்கொண்டு, வேடியப்பன் நேரே மிட்டாய்க் கடைக்கு நடந்தான்.

அப்பா தோற்கவில்லை என்று சரசுவுக்கு எப்படியாவது சொல்ல வேண்டும் போலிருந்தது அவனுக்கு. லட்டு வாங்கியவர்கள் முதுகில் தட்டிக் கொடுத்தபோதெல்லாம் அவர்கள் கையில் இன்னொரு லட்டைத் திணித்தான்.

மிச்சமிருந்த லட்டோடு வீட்டுக்குப் போனான். சந்திரம்மாளைக் காணோம். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. வைத்தியர் கிளினிக் பக்கமாகத் தலைதெறிக்க ஓடினாள் என்றாள் எதிர்வீட்டு ஜோதியம்மாள்.

கிளினிக் கதவு விரியத் திறந்திருந்தது. வாசலில் சந்திரம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே பெஞ்சில் ஒருத்தி, போர்வை சுற்றிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சக்கரபாணி ஸ்டவ்வில் ஊசியை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

வேடியப்பன் விடுவிடுவென்று உள்ளே நுழைந்தான்.

"யோவ், உன் பேரைத்தான் அடிச்சிட்டாங்களே. யாரைக் கேட்டுக் கதவைத் திறந்தே?"

சக்கரபாணி அவன் கையிலிருந்த லட்டுப் பெட்டியைப் பார்த்தார். கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை.

"அடிச்ச கவுன்சிலே செல்லாதுன்னு நீதானப்பா தீர்ப்பு வாங்கியிருக்கே."