பச்சைக் கர்சர்

விஜயசங்கர் காபி டம்ளரோடு அறைக்குள் நுழைந்ததும் உமாதேவி லேப்டாப்பைச் சட்டென்று பாதி மூடினாள். அதற்குள் அவன் பார்த்துவிட்டான். அவளுடைய கர்சருக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு இன்னொரு கர்சர், பச்சை நிறத்தில். அதன் தலையில் 'கெஸ்ட்' என்று ஒரு பெயர்.

கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இருவருக்கும் வெப் புரோகிராமிங்தான் தொழில். இலஞ்சியில் ஒரே வீட்டில், ஒரே மேஜையில், எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். சண்டை வந்ததெல்லாம் ஒரே ஒரு விஷயத்தில்தான்: புரோகிராம் எழுத எந்த எடிட்டர் நல்லது என்பதில்.

“அந்த எடிட்டரை விட்டுத் தொலையேன் உமா. என்னை மாதிரி விம் எடிட்டருக்கு மாறு. மவுசையே தொட வேண்டாம், பறக்கலாம்.”

“நீங்க பறங்க. அதுக்குள்ள போனா வெளிய வர வழி தெரியாம முழிக்கணும். எனக்கு விஎஸ் கோடுதான் தோது. ரெண்டு பேரு ரெண்டு மெஷின்ல இருந்து ஒரே ஃபைல்ல எழுதலாம்.”

“யாரு அந்த ரெண்டாவது ஆளு?”

“பிறகு சொல்லுதேன். இப்ப யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு அவங்களுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“அவங்களா? மரியாதை வேறயா!”

உமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவனுக்கு நெஞ்சில் போய்க் குத்தியது.

அவனுடைய சந்தேகம் கிங்ஸ்லி மேல். உமாவின் பழைய ஆபீஸில் கூட வேலை பார்த்தவன், அடுத்த தெருவில் வீடு. நல்ல சிரிப்பு, நல்ல புல்லட். போதாக்குறைக்கு அவனும் அதே எடிட்டர்.

மறுநாள் மத்தியானம் சாரலோடு காற்றும் சேர்ந்துகொள்ள, கரண்ட் போனது. வீட்டு வைஃபை அணைந்ததும் உமா போன் நெட்டுக்கு மாறி எழுதிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியில் அவள் திரையை உளவு பார்த்துக்கொண்டிருந்த விஜயசங்கர் நிமிர்ந்து உட்கார்ந்தான். பச்சையைக் காணோம்!

அப்படியென்றால் ஆள் இதே கரண்ட் லைனில்தான் இருக்கிறான். வெளியே போய் போன் போட்டான்.

“கிங்ஸ்லி, அங்கன கரண்ட் இருக்கா?”

“இல்ல அண்ணாச்சி, இப்பதான் போச்சு. ஏன், பார்டர் கடைக்குப் பரோட்டா சாப்பிடப் போவமா?”

“ஒரு மண்ணும் வேண்டாம்!”

கரண்ட் வந்தது. வைஃபை விளக்கு எரிந்த கையோடு பச்சைக் கர்சரும் வந்து உமாவின் பக்கத்தில் நின்றது.

இதில், கூடவே இருக்கும் அவன் அம்மா ஜோதிலட்சுமியும் முன்போல் இல்லை. மத்தியான சீரியல்களை அடியோடு விட்டாயிற்று. சாப்பிட்டதும் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். “உடம்புக்கு என்னம்மா?” என்று கேட்டால், “எனக்கு என்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். நீ உன் ஜோலியப் பாரு” என்று உள்ளேயிருந்தே பதில் வருகிறது.

மருமகள் விவகாரம் அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது, வெளியே சொல்ல முடியாமல் உள்ளுக்குள் வேகிறாள் என்று அவன் முடிவு கட்டினான். தனக்காக இல்லாவிட்டாலும் அம்மாவுக்காக இதற்கு ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும். ஆனால் உமா இல்லாத வீட்டை அவனால் ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“ஐயையோ, மழை! மாடியில துணியெல்லாம் கெடக்கு!”

உமா லேப்டாப்பைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டுப் படியேறி ஓடினாள். விஜயசங்கர் ஒரே தாவாகத் தாவி அவள் நாற்காலியில் உட்கார்ந்தான்.

திரையில் பச்சைக் கர்சர் நகர்ந்தது. எழுத்து எழுத்தாக, நிதானமாக ஒரு வரி வந்தது.

'உமா இருக்கியா? நேத்துப் பாடத்துல ஒரு சந்தேகம். அவன் பக்கத்துல இருந்தான்னா அப்புறமா வாரேன்.'

அவனா? எவ்வளவு தைரியம்! அவனுக்குக் காது சுட்டது. கீபோர்டு உடைகிற மாதிரி தட்டினான்.

'உமா இல்ல. அவ புருஷன் இருக்கேன். நீ யாருலே?'

பச்சைக் கர்சர் அப்படியே நின்றுவிட்டது. பதில் பக்கத்து அறையிலிருந்து வந்தது.

“ஒன்னப் பெத்தவலே!”