3164

“மூவாயிரத்து நூற்று அறுபத்து நாலு. எந்திரிச்சு வாம்மா.”

தேர்வுக் கண்காணிப்பாளர் கதவருகே நின்று கூப்பிட்டார். விடைத்தாள் கட்டும் நூலை மேசை மேசையாக வைத்துக்கொண்டு வந்த கல்லூரி எழுத்தர் செபஸ்தியம்மாளுக்குக் கை நின்றுவிட்டது.

ஜன்னலோரத்தில் பொன்னழகு எழுந்தாள்.

“அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம். வாசல்ல கார் நிக்குது. கிளம்பும்மா.”

அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது.

பொன்னழகு அவரைப் பார்க்கவில்லை. செபஸ்தியம்மாளைத்தான் பார்த்தாள்.

பல்கலைக்கழகம் கொடுத்த அந்த எண் யாருடையது என்று வெளியே யாருக்கும் தெரியாது. வாசல் பலகையில் எண்கள் மட்டும்தான். பெயர்கள் செபஸ்தியம்மாளின் அலமாரியில் பூட்டிக் கிடந்தன.

கல்யாணம் நிச்சயம் பண்ணிய வாரத்தில் சாணார்பட்டிப் பக்கம் இருந்த தன் வீட்டை விட்டுக் கிளம்பி வந்தவள் பொன்னழகு. திண்டுக்கல்லில் தோழி வீட்டில் ஒளிந்திருந்து இன்டர்மீடியட் தேர்வுக்குப் படித்தாள். ஹால் டிக்கெட் வாங்க வந்தபோது செபஸ்தியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யார் வந்து கேட்டாலும் என் நம்பரச் சொல்லிறாதீங்கக்கா. இத மட்டும் எழுதிட்டா நான் பொழச்சுக்குவேன்.”

அண்ணன் சோலைமலை வந்து கேட்டான். அதட்டினான். அடுத்த முறை வந்து கெஞ்சினான். செபஸ்தியம்மாள் அசைந்து கொடுக்கவில்லை.

முந்தாநாள் அம்மா மாயக்காள் வந்தாள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் வந்திருந்தாள். மகளைப் பார்க்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை.

“ஆத்தா கோயில்ல அர்ச்சனை பண்ணணும் தாயி. பொன்னழகுன்னு எங்க ஊர்லயே நாலு பேரு இருக்காளுக. நம்பரச் சொன்னாத்தான் ஆத்தாளுக்கு ஆளு தெரியும்.”

தான் பரீட்சை எழுதிய வருடங்களில் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவைத்த தன் அம்மாவைச் செபஸ்தியம்மாள் நினைத்துக்கொண்டாள்.

அப்போதும் அவள் எழுதிக் கொடுக்கவில்லை. காகிதம் கை மாறிவிடும் என்று பயந்தாள். மாயக்காளின் காதருகே குனிந்து, மனதில் பதியும்வரை மெதுவாகச் சொல்லிக் கொடுத்தாள்.

பொன்னழகு இப்போது பேனாவை மூடினாள். பாதி எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்தாள். அப்பா சாகக் கிடக்கிறார் என்றால் போகாமல் இருக்க முடியாது. பொய்யாக இருந்தாலும் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

“சார், செத்த நேரம் விசாரிச்சுட்டு அனுப்பலாமே,” என்றாள் செபஸ்தியம்மாள்.

“உசுரு போற விசயத்துல என்னம்மா விசாரணை?”

செபஸ்தியம்மாள் படிவரை பொன்னழகின் பின்னாலேயே ஓடினாள். வாசலில் சோலைமலை காரின் பின்கதவைத் திறந்து பிடித்திருந்தான். முன் இருக்கையில் அப்பா வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

பொன்னழகு நின்றுவிட்டாள். அவள் திரும்புவதற்குள் சோலைமலை தோளைப் பிடித்து உள்ளே தள்ளினான்.

அவள் கத்தவில்லை. கண்ணாடி வழியாக ஒருமுறை கல்லூரியைப் பார்த்தாள். செபஸ்தியம்மாளைப் பார்க்கவில்லை. கார் நத்தம் சாலைப் பக்கம் திரும்பி மறைந்தது.

செபஸ்தியம்மாள் படியிலேயே உட்கார்ந்தாள். தன் வாயை யாராவது தைத்துவிட்டால் தேவலை என்றிருந்தது. அந்தக் கிழவி அர்ச்சனை என்று சொன்னதெல்லாம் நடிப்பா? மகனே சொல்லிக் கொடுத்து அனுப்பினானா?

தேர்வு முடியும் நேரத்தில் மாயக்காள் வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்தவளுக்கு வேர்த்து ஊற்றியது. கையில் வாழையிலைத் துண்டில் மடித்த குங்குமம்.

“பாப்பா உள்ளதான எழுதுறா தாயி?”

செபஸ்தியம்மாள் படியிலிருந்து எழுந்தாள்.

“நீங்க சொன்ன நம்பர அப்படியே ஆத்தாகிட்டச் சொல்லிட்டேன். ஒண்ணு தப்பல. எழுத்துத் தெரியாதவ, மறந்துரக் கூடாதேன்னு பஸ்ஸுலயும் அடுப்படியிலயும் வாய் ஓயாமச் சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

மாயக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“எம் மகன்கூடக் கேட்டான், என்னாத்தா முணுமுணுக்குறன்னு. ஒண்ணுமில்லப்பு, சாமி மந்திரம்னு சொல்லிட்டேன். அவனும் நம்பிட்டான் தாயி. பக்கத்துல உக்காந்து, இன்னொரு தடவ சொல்லுத்தான்னு கேட்டுக்கிட்டான்.”