எள்ளும் சில்லும்

ஷென்சென் மின்னணுச் சந்தையின் மூன்றாம் மாடியில் செல்போன் பழுதுபார்க்கும் லியாவ் சின் தன் மேசை விசிறியை அணைத்ததும், பக்கத்துக் கடைக்காரர்கள் காலை எடுத்து வைக்காமல் அப்படியே நிற்கிறார்கள். விசிறி நின்றால் எதையோ தவறவிட்டுவிட்டாள் என்று பொருள். அவள் இடுக்கியிலிருந்து நழுவியது, பழைய செல்போன் ஒன்றுக்காகச் சந்தை முழுக்க அலைந்து பிடித்த ஒரே சில்லு. கறுப்பு எள் அளவுதான் இருக்கும். விழுந்த இடமோ, போனுக்குச் சொந்தக்காரரான பாவ் எள் ரொட்டியைக் கடித்து உதிர்த்து வைத்திருக்கும் மேசை.

"கடையில சாப்பிடாதீங்கன்னு அப்பவே சொன்னேனே அண்ணே."

"பசி தங்கச்சி. எம் பொண்ணு முதல்முதலா பேசினது அந்த போன்லதான் இருக்கு" என்கிறார் பாவ், வாயில் இருப்பதை விழுங்கவும் பயந்து.

விளக்கொளியில் எல்லாமே ஒரே கறுப்பாய் மினுங்குகின்றன. அவள் ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறாள். "எள்ளு. இதுவும் எள்ளு." பதினேழாவதைப் பார்த்தவள் நகர்ந்து அவருக்கு இடம் விடுகிறாள். பாவ் குனிந்து பார்க்கிறார். அந்தக் கறுப்பு மணியின் முதுகில் நான்கு எழுத்துகள், வரிசை பிசகாமல்.

"இதுல போயி யாரு உக்காந்து எழுதினாங்க?"

"மூச்சு விடாதீங்க அண்ணே. பறந்துடும்."