மாஸ்டரின் வேகம்

“இடுப்பு... முப்பத்து... நாலு.”

“மீதியை நாளைக்குச் சொல்றீங்களா?” அளவு நோட்டில் பென்சிலைத் தட்டினாள் தையல் மாஸ்டரின் மனைவி. “உங்களுக்கு நத்தையே தேவலை.”

கோட் தைக்க வந்த வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. பத்துப் பேர் வந்து போகிற கடையில் கட்டின புருஷனை இப்படியா பேசுவாள்?

“அக்கா, வயசானவர். உடம்புக்கு என்னவோ. கொஞ்சம் பொறுமையாப் பேசலாமே.”

“உங்க வேலையைப் பாருங்க சார். கை நீளம் என்னங்க?”

“இருபத்து... மூணு.”

எழுதி முடித்து, துணி எடுக்க உள்ளே போனாள். போன் அடித்தது. மாஸ்டர் எடுத்தார்.

“போன வாரம் குடுத்த கோட்டா? தோள் பதினெட்டு, மார்பு நாப்பது, இடுப்பு முப்பத்தாறு, கை இருபத்திநாலு. வெச்சுடறேன்.”

ஒரே மூச்சில் சொன்னார். வாத்தியார் வாயைப் பிளந்தார்.

“வியாதி எனக்கில்ல சார், அவளுக்கு.” மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். “மூளையில வெள்ளைப் பகுதின்னு ஒண்ணு இருக்காம். சேதி கொண்டுபோற நரம்பெல்லாம் அதுலதான் ஓடுதாம். அது அங்கங்கே பழுதாயிடுச்சுன்னு ஸ்கேன்ல வந்திருக்கு. யோசிக்க நேரமாகுது, சட்டுனு கோபம் வருது, சில நாள் காரணமே இல்லாம அழறா. கை நீளத்தைக் கொண்டுபோய் இடுப்புல எழுதி ஒரு கோட் வீணாச்சு. அம்மாவை வீட்ல உட்கார வைங்கன்னான் மகன். முடியாதுன்னுட்டேன். முப்பது வருஷமா நான் சொன்ன அளவை எழுதின கை அது. நான் மெதுவாச் சொன்னா சரியா எழுதிடறா. அவளுக்காகத்தான்னு தெரிஞ்சா கடைப் பக்கமே வரமாட்டா. சொல்லிடாதீங்க.”

அவள் துணியோடு வந்தாள். மாஸ்டர் அதை வாங்கிக்கொண்டு வெட்ட உள்ளே போனார்.

ரசீதை நீட்டியவள், “போன்ல படபடன்னு பேசினது எனக்கும் கேட்டுது” என்றாள்.

வாத்தியார் மாஸ்டர் போன பக்கம் எட்டிப் பார்த்தார்.

“எனக்கு வேகம்தான் போச்சு சார், புத்தி போகலை. நாலு மாசமா நடிக்கிறார் மனுஷன்.”

“தெரிஞ்சுமா திட்டறீங்க?”

“பாதி வியாதி திட்டுது. மீதியை நான் திட்டறேன். நிறுத்தினா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கண்டுபிடிச்சுடுவார். பாவம், உடைஞ்சு போயிடுவார். யார் என்ன சொன்னாலும் சரி, இந்த நோட்டை நான் விடறதா இல்ல.”

உள்பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள்.

“ஏங்க, கத்திரிக்கோல் தூங்குதா, இல்ல நீங்களா?”