உடாத நைனா!

"உடாத நைனா! இன்னும் அஞ்சுதான்!" என்று சுப்பிரமணி கத்தினான்.

அவனுடைய அப்பா தருமன் நாற்காலியிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். இரண்டு கையிலும் தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டில்கள். மல்லாட்டை மண்டியில் எண்பது கிலோ வேர்க்கடலை மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு ஓடிய ஆள், பாட்டிலுக்கு மூச்சு வாங்கினார். என்ன கொடுமை பாருங்கள்!

பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி, நாலு மாதம் படுக்கையில் கிடந்தவர். மருமகள் வேதா மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு பெட்பேன் எடுத்தபோதெல்லாம் செத்துப்போய்விடலாம் என்றிருந்தது அவருக்கு. எழுந்து நடந்துவிட்டால் போதும், யாருக்கும் பாரமில்லாமல் மகன் வீட்டிலேயே மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்பதுதான் ஒரே ஆசை.

மகன் சும்மா இருக்கவில்லை. போளூர் ரோட்டில் புதிதாக ஜிம் வைத்திருந்த நவீனை வீட்டுக்கே கூட்டிவந்தான். காலையில் ரெண்டு முட்டை, சாயந்திரம் சுண்டல் என்று ராஜ உபசாரம்.

"இரும்பு தூக்கற காலம்லாம் போச்சு பெரியவரே. தெனம் செய்யற வேலைக்கு ஒடம்ப தயார் பண்றதுதான் இப்ப புது முறை" என்றான் நவீன்.

என்னென்ன வேலை என்று சுப்பிரமணியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். தரையில் உட்கார்ந்து எழுவது, படி ஏறுவது, அரை பக்கெட் தண்ணீர் தூக்குவது, தன் வேட்டியைத் தானே துவைத்துப் பிழிவது.

"துணி தொவைக்கறது எதுக்குண்ணா? வீட்லதான் மிஷின் இருக்கே" என்று கேட்டான் நவீன்.

"இருக்கட்டும் தம்பி. அவர் வேலைய அவரே செய்யணும்."

தருமனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிறானே பிள்ளை! எவன் செய்வான் இந்தக் காலத்தில்? தாமரை நகர் முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

ஆறு மாதம் ஓடியது. "ஞாயித்துக்கெழம ஒரு மேடம் வந்து பாப்பாங்க. மானத்த வாங்கிடாத நைனா" என்றான் சுப்பிரமணி. யாரோ பெரிய டாக்டரம்மா என்று நினைத்துக்கொண்ட தருமன், விடிந்ததுமே ஷேவ் செய்து, வெள்ளை பனியன் போட்டுத் தயாராக நின்றார்.

வந்த அம்மாள் கையில் ஒரு பைல் இருந்தது. "கீழ ஒக்காந்து எழுந்திரிங்க ஐயா" என்றாள். ஒரே கையை ஊன்றி எழுந்துவிட்டார். அரை பக்கெட் கேட்டாள், முழு பக்கெட்டைத் தூக்கினார். மாடிக்கு ஒருமுறை போய்வரச் சொன்னாள், இரண்டு முறை ஏறி இறங்கினார். அவ்வளவு ஜம்பம் கிழவருக்கு!

"இன்னா வேணும்னாலும் கேளும்மா! கிரிவலமே போய் வந்துடுவேன்!" என்று மூச்சிரைக்கச் சிரித்தார்.

சுப்பிரமணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான். வேதா சுடச்சுட கேசரி கொண்டுவந்து முதல் தட்டை மாமனார் கையில்தான் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சிரித்தாள் வேறு.

அம்மாள் பைலில் கையெழுத்துப் போட்டாள். "படுத்த படுக்கையா இருந்தா சேத்துக்க மாட்டோம்னு சொன்னதுக்கா சார் இவ்ளோ மெனக்கெட்டீங்க?"

"சேத்துக்கறதா? எதுலம்மா?" என்று கேட்டார் தருமன்.

"எங்க முதியோர் இல்லத்துலதான் ஐயா. உங்க புள்ள சொல்லலையா?"