நீல விளக்கு

கேப்டன் வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். அவள் சின்னப் புட்டியைத் திறந்து, அதிலிருந்த மாவை அவனுடைய குடுவையின் கழுத்தில் மெல்லத் தடவினாள். மூக்கில் இறங்கிய கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அடிப்பாகத்துக்கும் ஒரு சுற்று தடவினாள்.

"இன்னியோட நீ காலிடா."

பிறகு கையுறையைக் கழற்றிச் சிவப்புத் தொட்டியில் போட்டாள். முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அவள் கை சுத்தம்.

கல்லூரியில் அவளுக்குச் சோடாபுட்டி என்று பெயர். வைத்த புண்ணியவான் ஆய்வுக் குழுவின் கேப்டன்தான். அதைக்கூட மன்னித்திருப்பாள், போன மாதம் நடந்ததை மன்னிக்க முடியவில்லை.

மாணவர்கள் சேர்ந்து ஒரு பாக்டீரியாவை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் ஈயம் கலந்திருந்தால் அது சிவப்பாக மாறும்படி அதன் மரபணுவைத் திருத்தியிருந்தார்கள். வெளியில் இருப்பது உள்ளே போகக் கூடாது, உள்ளே இருப்பது வெளியே வரக் கூடாது. அதனால் கையுறை போட்ட கையால் ஆய்வகத்துச் சாமானைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது.

போன மாதம் அவள் திறந்த தட்டுகளில் மட்டும் பாக்டீரியாவுக்குப் பதில் பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை பூத்திருந்தது. எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டான் கேப்டன்.

"க்ளவுஸோட எதையோ தொட்டுட்டு, அதே கையால பிளேட்டைத் திறக்கிற."

"எதைத் தொட்டேன்? சொல்லு."

"அது தெரியல. ஆனா தொடுற."

தெரியாதாம், ஆனால் தொடுகிறாளாம். அந்த ஒரு வார்த்தையில் அவளைப் புட்டி கழுவும் அறைக்குத் தள்ளிவிட்டான். வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் குழுவிலிருந்தும் அவள் பெயர் போயிற்று. மகள் விமானம் ஏறப்போகிறாள் என்று அம்மா ஏற்கெனவே சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். பெட்டி கட்டியாச்சா என்று சித்தி தினமும் போன் பண்ணிக் கேட்கிறாள். விஷயம் தெரிந்துதான் கேட்கிறாள்.

அவனும் ஒரு நாள் அப்படி எல்லார் முன்னாலும் நிற்க வேண்டும். அவனுக்குப் பதில் அவள் விமானம் ஏற வேண்டும். அதற்குத்தான் இந்த மாவு.

விஷமெல்லாம் இல்லை. ஆய்வகப் பாதுகாப்பைப் பார்க்கும் மேடம் பயிற்சி வகுப்பில் காட்டுகிற மாவுதான், ஒரு கெடுதலும் செய்யாது. சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது, நீல விளக்கைப் பிடித்தால் மஞ்சளாக மின்னும். குடுவையைத் தொட்ட கையுறையோடு எதைத் தொட்டாலும் அதிலும் ஒட்டிக்கொள்ளும்.

கேப்டன் வந்தான். கையுறை மாட்டிக்கொண்டு குடுவையை எடுத்தான். கழுவும் அறையின் கண்ணாடிக் கதவு வழியாக அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவன் போன் அடித்தது. அவள் கையிலிருந்த புட்டி நழுவியது, அதைப் பிடித்துக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அதற்குள் அவன் வராந்தாவில் நின்று, போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

மாட்டினான். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை, நேரே மேடத்தின் அறைக்கு ஓடினாள்.

"மேடம், க்ளவுஸ் கையால கண்டதையும் தொடுறவங்கள என்ன பண்ணுவீங்க?"

"லேபுக்குள்ளயே விடமாட்டேன். ஏம்மா?"

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

அந்த வார்த்தையை வாங்கிக்கொண்ட பிறகுதான் மாவு தடவிய கதையைச் சொன்னாள். கேட்காமல் எடுத்ததற்கு மேடம் முறைத்தார். ஆனாலும் நீல விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

குழு மொத்தமும் கூடிவிட்டது. திரைகளை இழுத்து, விளக்குகளை அணைத்தார்கள். மேடம் நீல விளக்கைப் பிடித்ததும் குடுவை மஞ்சளாக மின்னியது. சிவப்புத் தொட்டிக்குள் கிடந்த கையுறைகளும் மின்னின.

"போனைக் காட்டச் சொல்லுங்க மேடம்" என்றாள்.

கேப்டன் போனை மேசைமேல் வைத்தான். முன்பக்கம் இருட்டு. திருப்பினார் மேடம், பின்பக்கமும் இருட்டு. கதவுப்பிடி, நாற்காலி, அவன் டீ குடிக்கும் கோப்பை, எதிலும் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"போன் வந்துச்சு. க்ளவுஸைக் கழட்டி, கை கழுவிட்டுத்தான் வெளிய போனேன்" என்றான், கோபமே இல்லாமல்.

அந்த நிதானம்தான் அவளுக்கு இன்னும் எரிந்தது. துடைத்திருப்பான், ஓரத்தில் எங்கேயாவது ஒட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே எல்லாரையும் விலக்கி முன்னால் வந்தாள். விளக்குக்கும் போனுக்கும் நடுவில் தலையை நீட்டி, மூலைமூலையாகத் தேடினாள்.

மேடத்தின் கை அப்படியே நின்றது. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. கேப்டன் கண்கொட்டாமல் அவளையே பார்த்தான், ரொம்ப நாளாகத் தேடிய பொருள் கிடைத்தவனைப் போல.

அவள் நிமிர்ந்தாள். சிக்கிவிட்டது, அதுதான் எல்லாரும் வாயடைத்து நிற்கிறார்கள்.

"பாத்தீங்கல்ல மேடம்? யாரா இருந்தாலும்னு சொன்னீங்க. மறந்துடாதீங்க."

"மறக்கல" என்றார் மேடம். "கண்ணாடியக் கழட்டிப் பாரும்மா."