கைப்பற்றிய பொருள்

அடிமைகளை விடுவிப்பதா வேண்டாமா என்று நாடு இரண்டாகப் பிரிந்து போரிட்டது. ஆற்றைக் கடந்து, விடுவிக்கச் சொன்ன தரப்பின் முகாமுக்கு ஓடிவந்த அடிமை சடைச்சியை மேஜர் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. சட்டம் அவளை இன்னும் மனுஷியாக ஏற்கவில்லை. ஆனால் எதிரி போருக்குப் பயன்படுத்திய பொருளைக் கைப்பற்றி வைத்துக்கொள்ளலாம் என்றது. அவள் எதிரியின் கோட்டைக்கு மண் சுமந்தவள். போருக்கு எந்த வேலையும் செய்யாததால் சட்டத்தில் அடங்காத, அவள் இடுப்பிலிருந்த சின்ன மகளை மட்டுமாவது கொடுங்கள் என்று வெள்ளைக்கொடியுடன் வந்து நின்றார் அவளுடைய எஜமான்.

"இவளும் சிப்பாய்களுக்குத் தண்ணி சுமந்தா சாமி," என்றாள் சடைச்சி.

எஜமான் சிரித்தார். "சொம்பு தூக்கத் தெம்பில்லாதது தண்ணி சுமந்துச்சாக்கும்! இவ பொய் சொல்லுவா. குட்டியையே கேளுங்க மேஜர்."

மேஜர் குனிந்தார். "பயப்படாத பாப்பா. அங்க சிப்பாய்ங்களுக்கு நீ என்ன வேலை செஞ்ச?" ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடு என்று அவர் கண்கள் கெஞ்சின.

பூட்ஸ் போட்டவர்கள் எதைக் கேட்டாலும் சொல்ல வேண்டிய ஒரே பதிலை, அடிக்குத் தப்பட்டும் என்று, சடைச்சிதான் மகளுக்குப் பழக்கியிருந்தாள். குழந்தை இடுப்பிலிருந்து இறங்கிக் கைகட்டி நின்றது.

"நான் ஒண்ணுமே செய்யலீங்க சாமி."